அசையா ஆதனம்

பகலில் நான் எல்லைகளைத் தட்டச்சுச் செய்கிறேன்.
ஸ்ரான்லி வீதி, படியேறினால் இடப்பக்கம்,
நொத்தாரிசு சபாலிங்கத்தாரின் கந்தோர்.
கிழக்கு ஒழுங்கை, வடக்கு இராசாம்பிகை பெயர்க் காணி,
மேற்கும் தெற்கும் வாய்க்கால்.
இரண்டு பரப்பு ஏழரைக் குழி,
கிணற்றில் அரைப்பங்கு.
ஒரு காற்புள்ளி பிசகினால்
இரண்டு குடும்பம் பத்து வருசம் கோட்டுக்கு ஏறும்.

இருபது வருசம் கால்வைக்க விடாத காணிக்கும்
எல்லை அடித்திருக்கிறேன்.
கதியால் நின்ற இடத்தை
அந்த மனுசன் காற்றில் விரலால் கீறிக் காட்டினார்.
விரல் நடுங்கியது.
கோடு நடுங்காமல் அடித்தேன்.

ஆறு மணிக்குப் பிறகு
கொக்குவிலில், வாடகை அறையில்,
ஒரு அரைப் பூசணி.
திருநெல்வேலிச் சந்தையில் வாங்கியது.
வெட்டின முகம் என்னைப் பார்க்க வைத்தேன்.
கிழக்கே அலுமினியக் கேத்தல்.
மேற்கே சின்ன வெங்காயம் மூன்று, ஒன்று முளைவிட்டது.
கீழே, மேசைவிரிப்பாய்,
வதனியின் பழைய நீலச் சோட்டி.

முதல்நாள் ஒழுங்காய்த்தான் தொடங்கினேன்.
பென்சில் கோடு, கோட்டுக்குள் நிறம்.
பூசணி சட்டப்படி பூசணியாய் இருந்தது.
முத்திரை ஒட்டிப் பதிவுக்கு அனுப்பலாம்.

அது பிடிக்கவில்லை.
மயிர் கொட்டுகிற மலிவுத் தூரிகை.
ரியூப் பெயின்ற் எனக்குக் கட்டாது,
ஹாட்வெயாரில் கேற்றுக்கு அடிக்கிற எனாமல்தான்.
தோய்த்து
ஒரே இழுப்பு,
தோளில் தொடங்கி முழங்கையில் திரும்பி,
செம்மஞ்சள் எல்லை கடந்து போய்
கேத்தலின் வயிற்றில் ஏறிவிட்டது.

துடைக்கத் துணி எடுத்தேன்.
எடுத்த கையோடு மேசையைப் பார்த்தேன்.
உண்மைக் கேத்தலின் வயிற்றிலும்
பூசணி குடியிருந்தது,
உறுதி இல்லாமல், வாடகை இல்லாமல்.
சோட்டியின் நீலம் வெங்காயத்தின் அடியில்.
வெங்காயத்தின் சிவப்பு சுவரில்.
இத்தனை நாள் ஒன்றுக்குள் ஒன்று புழங்கிக்கொண்டிருந்திருக்கின்றன,
நான்தான் வேலி அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

கறுப்பு முடிந்துபோயிருந்தது.
நிழலுக்குக் கத்தரிக்காய் நிறம் போட்டேன்.
நிழல் குளிர்ந்தது. பூசணி கொதித்தது.
தூரிகையில் கழன்ற மூன்று மயிர்
நிறத்தோடு ஒட்டிக் காய்ந்தன.
அவற்றை எடுக்கவில்லை.

இரண்டாம் இரவு வதனி கத்தியோடு வந்தாள்.
"கறிக்கு ஒண்டும் இல்லையடி. ஒரு கீத்து."
மூன்றாம் இரவு, "இன்னொரு கீத்து. பாலாய் வைப்பம்."
பூசணி மேசையில் பின்வாங்கியது.
படத்தில் நான் பழைய விளிம்பை அழிக்காமல்
உள்ளே புதிது வைத்தேன்,
தடிப்பாய், கத்திமுனையால், சுவருக்குச் சாந்து பூசுவதுபோல்.
மூன்று விளிம்பு. பிறகு நாலு.
வாயில் அதன் இனிப்பு இருக்க இருக்க
கையில் அதன் நிறம்.

வதனி தட்டோடு நின்று படத்தைப் பார்த்தாள்.
"இது ஏன் இப்பிடி எரியுது?"
"தெரியேல்லை."
"வெங்காயம் மூண்டும் ஏதோ சண்டை பிடிச்ச மாதிரி."
"ம்."
"பூசணி ஓடுதோ வருகுதோ?"
சோற்றைப் பிசைந்தபடி அவள் கேட்ட அந்தக் கேள்விக்கு
இதுவரை பதில் சொல்லவில்லை.

சனிக்கிழமை பூசணி இல்லை.
பேப்பரில் காயும் விதைகள், குப்பையில் காம்பு.
பலகையிலோ சந்தையில் நான் தூக்கினதைவிடப்
பெரிய பூசணி ஒன்று.

திங்கள் காலை சபாலிங்கத்தார்
உறுதியை வெளிச்சத்தில் பிடித்தார்.
வடக்கெல்லையில், இராசாம்பிகை பெயருக்குமேல்,
கடுகளவு செம்மஞ்சள்.
நகத்தால் சுரண்டினார். போகவில்லை.
"என்ன பிள்ளை இது?"
"பூசணி, ஐயா."
மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
"திருப்பி அடியும்."

அடித்தேன்.
அசையா ஆதனம். கிழக்கு ஒழுங்கை. வடக்கு
என்று வந்தபோது
சுட்டுவிரல் நகத்துக்குள்
இன்னும் கொஞ்சம் இருந்தது.